வலிப்பு நோயும் கண்டவர் சாட்சியமும்

பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. திடீரென ஒரு சிறுவன் விநோதமான குரலெழுப்பி, இருக்கையினின்றும் சரிந்து விழுகிறான். உடல் மரக்கட்டைபோல் விறைக்கிறது. பின்னர் கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. உடனிருந்த பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுகின்றனர். ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவன் கையில் திணிக்கிறார். மற்றொருவர் பற்களுக்கிடையே கரண்டியைச் செருக முயலுகிறார். இரண்டு மூன்று நிமிடங்களில் இழுப்பு ஓய்கிறது. இரும்பு பட்டதனால்தான் நின்றது என்று எல்லோரும் நம்பிவிடுகின்றனர். ஒரு மணி நேரம் கழித்துச் சிறுவன் மருத்துவரிடம் கொண்டுசெல்லப்படும்போது அவன் களைத்து உறங்கிக்கொண்டிருக்கிறான். மருத்துவர் காண்பது உறங்கும் ஒரு பிள்ளையை மட்டுமே.

வலிப்பு நோயைக் கண்டறிவதிலுள்ள பெரிய இடர்ப்பாடு இக்காட்சியில் அடங்கியுள்ளது. காய்ச்சலை வெப்பமானியாலும் சோகையை இரத்தப் பரிசோதனையாலும் மருத்துவர் தாமே அறியலாம். வலிப்போ அவர் இல்லாத இடத்தில் தோன்றி, அவர் வருமுன் மறைந்துவிடுகிறது. நினைவிழந்து கிடந்த நோயாளிக்கும் நடந்தது எதுவும் தெரியாது. ஆகவே, அருகிலிருந்து கண்டவர் கூறும் விவரமே நோயை நிர்ணயிக்கும் முதற் சான்றாகின்றது. அவ்வாறு கண்டவர் பெரும்பாலும் ஒரு தாயாகவோ, ஓர் ஆசிரியராகவோ, வீடுவீடாகச் செல்லும் சுகாதார ஊழியராகவோ இருப்பார். அவர் எதைக் கவனித்தார், எதைச் சொன்னார் என்பதைப் பொறுத்தே பிள்ளைக்குக் கிடைக்கும் மருந்து சரியானதாகவோ தவறானதாகவோ அமைகின்றது.

நரம்பு மண்டலமும் அதன் நோய்களும்

மூளை, தண்டுவடம், அவற்றினின்று கிளைத்து உடலெங்கும் ஓடும் நரம்புகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நரம்பு மண்டலம். மூளையில் மட்டும் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இத்துணை நுட்பமான அமைப்பில் கோளாறுகள் பலவகையாக நேரக்கூடும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. நுண்கிருமிகள் புகுந்தால் மூளைக்காய்ச்சலும் மூளையுறை அழற்சியும் தோன்றுகின்றன. சிலவகை நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவதனால் முதுமையில் நடுக்குவாதமும் மறதி நோயும் வருகின்றன. ஒற்றைத் தலைவலி பலர் அறிந்த ஒன்று.

இவற்றுள் குழந்தை முதல் முதியவர் வரை எவ்வயதினரையும் பற்றக்கூடியது வலிப்பு நோய். உலக முழுவதிலும் சுமார் 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 80 பேர் வரையில் வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் இருக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. முறையாக நோயறிந்து மருந்து கொடுத்தால் இவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரையில் வலிப்பின்றி வாழ இயலும். ஆயினும் வருவாய் குறைந்த நாடுகளில் நோயாளிகள் நால்வரில் மூவருக்குத் தேவையான சிகிச்சை கிட்டுவதில்லை. மருந்தின் விலை இதற்குப் பெருங்காரணம் அன்று. பழைய மருந்துகள் மிக மலிவானவை. நோய் இன்னதென்று அறியாமையும், அறிந்தபின் அதை மறைப்பதுமே இவ்விடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணங்களாகும்.

வலிப்பு எவ்வாறு உண்டாகிறது?

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று நுண்ணிய மின் துடிப்புகளாலும் இரசாயனப் பொருள்களாலும் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. சந்தையில் ஆயிரம் பேர் தத்தம் காரியத்தைத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தால் வியாபாரம் தடையின்றி நடைபெறும். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கூவத் தொடங்கினால் சந்தை ஸ்தம்பித்துவிடும். மூளையின் ஒரு பகுதியிலோ, மூளை முழுவதிலுமோ உள்ள நரம்பணுக்கள் இவ்வாறு ஒரே சமயத்தில் அளவுமீறி மின்துடிப்பை வெளியிடுவதே வலிப்பு. கையை இயக்கும் பகுதியில் அது நிகழ்ந்தால் கை இழுக்கும். பார்வைக்குரிய பகுதியில் நிகழ்ந்தால் ஒளிப்பொறிகள் தோன்றும். மூளை முழுவதும் பரவினால் நினைவு தவறி உடல் முழுவதும் இழுக்கும்.

இவ்வுண்மையை முதலில் தெளிவாக உரைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் என்னும் மருத்துவர். மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் இடையிடையே திடீரென மிகுதியாக நிகழும் வெளியேற்றமே வலிப்பு என்று அவர் 1873ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அக்காலத்தில் மூளையின் மின்னோட்டத்தை மனிதரிடம் அளக்கும் கருவி கிடையாது. நோயாளிகளுக்கு எந்த விரலில் இழுப்புத் தொடங்கியது, அது எவ்வழியே பரவியது என்பவற்றைக் கூர்ந்து நோக்கியே அவர் இம்முடிவுக்கு வந்தார். 1924ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் அதனை வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலை வரைவு அதன் வழிவந்ததே. ஆயினும் வலிப்பு நோயுள்ள பலருக்கு, வலிப்பு வராத வேளையில் எடுக்கப்படும் வரைவு குறையொன்றுமின்றித் தோன்றக்கூடும். கருவி வந்த பின்னரும் கண்டவர் சாட்சியத்தின் மதிப்புக் குறையாததற்கு இதுவே காரணம்.

ஒருமுறை வலிப்பு வந்துவிட்டதனாலேயே ஒருவருக்கு வலிப்பு நோய் இருப்பதாகக் கொள்ளலாகாது. உடனடித் தூண்டுதல் எதுவுமின்றி, ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வலிப்பு வந்தாலோ, ஒருமுறையே வந்திருப்பினும் மீண்டும் வரக்கூடுமென்று பரிசோதனைகள் காட்டினாலோதான் அது வலிப்பு நோய் எனப்படும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலின்போது வரும் இழுப்பு வேறு வகையைச் சேர்ந்தது. அக்குழந்தைகளில் பெரும்பாலோர்க்குப் பிற்காலத்தில் வலிப்பு நோய் வருவதில்லை. எனினும் முதன்முறை அவ்வாறு நேரும்போது, மூளைக்காய்ச்சல் அன்றென்று உறுதிசெய்துகொள்ள மருத்துவரிடம் காட்டுதல் அவசியம்.

பழைய எண்ணங்கள்

இந்நோயைப் பற்றிய அச்சம் மிகப் பழமையானது. அதனைத் தெய்வத்தின் செயலென்று மக்கள் நம்பிவந்த காலத்தில், அது மற்ற நோய்களைப் போன்றதே, அதன் இருப்பிடம் மூளையே என்று வாதித்த கிரேக்க நூலொன்று ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்குகிறது. அது ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்டது. இந்தியாவில் சரக சம்ஹிதை இதனை அபஸ்மாரம், அதாவது நினைவு நீங்குதல் என்று குறிப்பிட்டு, நால்வகையாகப் பிரித்து மருத்துவமும் கூறுகிறது. தமிழில் முயலகன் என்ற சொல் நடராசப் பெருமானின் திருவடியின்கீழ்க் கிடக்கும் உருவத்தையும், இந்நோயையும் ஒருங்கே குறிக்கும். பழைய வைத்திய நூல்கள் இதனை நோயென்றே கொண்டு மருந்து தேடின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் மக்களிடையே பேய் பிடித்தல், முற்பிறவிப் பாவம், தொற்று என்ற எண்ணங்கள் இன்னும் அகலவில்லை. வலிப்பு நோய் எவ்வகையிலும் தொற்றுவதன்று. வாயில் வழியும் நுரையைத் தொட்டாலும், நோயாளியுடன் ஒரே கலத்தில் உண்டாலும் அது பரவாது. அது பைத்தியமும் அன்று. சட்டமே ஒரு காலத்தில் இவ்விரண்டையும் ஒன்றாக வைத்திருந்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அடிக்கடி சித்தப்பிரமையோ வலிப்போ காண்பவர்கள் திருமணத்திற்குத் தகுதியற்றவர்களாகக் கருதப்பட்டனர். 1999ஆம் ஆண்டில் மற்றொரு திருத்தத்தால் வலிப்பு என்னும் சொல் அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது.

சட்டத்தினின்று நீங்கிய சொல் மனத்தினின்று எளிதில் நீங்குவதில்லை. மகளுக்கு நோயிருப்பதைப் பெற்றோர் மறைத்து மணம் செய்விக்கின்றனர். புகுந்த வீட்டில் மாத்திரையை எவரேனும் கண்டுவிடுவரோ என்றஞ்சி அப்பெண் அதை நிறுத்திவிடுகிறாள். நிறுத்திய சில நாட்களில் வலிப்புத் திரும்புகிறது. மறைக்க நினைத்த நோய் எல்லோர் முன்னிலையிலும் வெளிப்படுகிறது. வீடுவீடாகச் செல்லும் ஊழியர்கள் இத்தகைய துயரத்தைப் பலமுறை கண்டிருக்கக்கூடும்.

வலிப்பின் வகைகள்

வலிப்பு என்றவுடன் விழுந்து துடிக்கும் பெருவலிப்பே பலருக்கு நினைவுக்கு வரும். விழாமலும் துடிக்காமலும் வரும் வலிப்புகள் உள்ளன. அவற்றை ஆசிரியரன்றிப் பிறர் அறிவது அரிது.

சிறுவலிப்பு பெரும்பாலும் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. பேசிக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருக்கும் பிள்ளை சில விநாடிகள் அப்படியே நின்றுவிடும். கண்கள் வெறித்து நோக்கும். இமைகள் மெல்லத் துடிக்கலாம். பத்துப் பதினைந்து விநாடிகளில் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். இடையில் நிகழ்ந்தது அதற்குத் தெரியாது. ஒரே நாளில் பலமுறை இவ்வாறு நேரலாம். சொல்வதை எழுதும் பயிற்சியில் ஒரு வரியின் நடுவே இரண்டு மூன்று சொற்கள் விடுபட்டிருப்பது இதன் அடையாளமாக இருக்கக்கூடும். கவனக்குறைவென்று எண்ணி இப்பிள்ளையைத் தண்டிப்பது, இருமுகின்ற பிள்ளையை இருமியதற்காகத் தண்டிப்பதற்கு ஒப்பாகும். பகற்கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டு அழைத்தால் திரும்பிப் பார்க்கும். சிறுவலிப்பின்போது அழைத்தாலும் தொட்டாலும் பயனிராது.

பகுதி வலிப்பு மூளையின் ஓரிடத்தில் தொடங்குவது. வயிற்றினின்று ஏதோ மேலெழுவதுபோன்ற உணர்ச்சியோ, இல்லாத நாற்றமோ, காரணமற்ற அச்சமோ முதலில் தோன்றலாம். பின்னர் நோயாளி உதடுகளைச் சப்புவதும், சட்டைப் பொத்தானைத் திருகுவதும், கேட்ட கேள்விக்குத் தொடர்பின்றி எதையோ முணுமுணுப்பதும் உண்டு. இதனைச் சேட்டையென்றும் பேயாட்டமென்றும் தவறாகக் கருதுவர்.

மூன்றாவது வகை பருவ வயதில் தோன்றுவது. காலையில் எழுந்தவுடன் கைகள் திடுக்கென்று வெட்டும். பிடித்திருந்த டம்ளர் நழுவி விழும். பல் துலக்கும் தூரிகை தெறித்துப்போகும். தேர்வுக்காக இரவில் கண்விழித்த மறுநாள் இது மிகும். அதே காலை வேளையில் பெருவலிப்பும் வரக்கூடும். டம்ளர் விழுந்ததைப் பற்றி ஒருவரும் மருத்துவரிடம் கூறுவதில்லை. பெருவலிப்பை மட்டுமே கூறுவர். இதன் விளைவு கடுமையானது. பெருவலிப்புக்கும் பகுதி வலிப்புக்கும் நன்கு பயன்படும் கார்பமஸெப்பீன், பெனிட்டாயின் ஆகிய மருந்துகள் இவ்வகைத் துடிப்பையும் சிறுவலிப்பையும் அதிகப்படுத்தக்கூடும். ஒரு சிறு விவரம் விடுபட்டதனால், வாங்கி உண்ட மருந்தே நோயை வளர்த்துவிடுகிறது.

வலிப்பைப் போன்று தோன்றும் பிறவும் உள்ளன. காலை வழிபாட்டில் வெயிலில் நெடுநேரம் நின்ற மாணவி முகம் வெளுத்து, வியர்த்து, கண் இருண்டு துவண்டு விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கமே. படுக்கவைத்த ஒரு நிமிடத்திற்குள் தெளிவு திரும்பும். ஓரிரு முறை கை வெட்டினாலும் அது வலிப்பாகாது. அதனை வலிப்பென்று முத்திரையிட்டு ஆண்டுக்கணக்கில் மருந்து கொடுப்பதும் ஒரு தவறே. விழுமுன் நிறம் மாறியதா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தாள் என்று கண்டவர் கூறினால் இத்தவறு நேராது.

காரணங்களும் தடுக்கும் வழிகளும்

பிறப்பின்போது குழந்தைக்கு மூச்சுத் தடைப்படுதல், தலைக்காயம், மூளைக்காய்ச்சல், மூளைக் கட்டி, பக்கவாதம் ஆகியவை வலிப்பு நோய்க்கு வழிகோலுகின்றன. சிலருக்குப் பரம்பரைக் கூறும் உண்டு. நோயாளிகளில் பலருக்குக் காரணம் எதுவும் புலப்படுவதில்லை. நூற்றுக்கு 25 பேருக்கு வந்த நோய் தடுத்திருக்கக் கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நல்ல மகப்பேற்றுக் கவனிப்பும், தடுப்பூசியும், சாலையில் தலைக்கவசமும் வலிப்பைத் தடுக்கும் கருவிகளே.

இந்தியாவில் சிறப்பாகக் குறிப்பிட வேண்டிய காரணம் நாடாப்புழு. பன்றியிறைச்சி வழியே பரவும் நாடாப்புழுவைக் குடலிற் கொண்ட ஒருவரின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறுகின்றன. அவை கழுவாத கைகளாலும், அசுத்த நீர் பாய்ந்த கீரை, காய்கறிகளாலும் பிறர் வயிற்றை அடைந்து, அங்கிருந்து இளம்புழுக்களாக மூளைக்குச் சென்று கூடு கட்டுகின்றன. ஆகவே இறைச்சியைத் தொடாதவர்க்கும் இந்நோய் வரலாம். வலிப்புக் கண்ட இந்தியர் பலரின் சி.டி. படங்களில் சிறு வளையம் போன்ற நிழல் தெரிந்தபோது, அது காசநோய்க் கட்டியென்று நெடுநாள் கருதப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் அத்தகைய கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றுட் பல அழிந்துகொண்டிருக்கும் புழுக்கூடுகளே என்று 1989ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன் பயனாகப் பலர் தேவையற்ற காசநோய் மருந்தினின்று தப்பினர். கழிப்பறையைப் பயன்படுத்துவதும், உண்ணுமுன் கை கழுவுவதும், பச்சையாக உண்பவற்றை நன்கு கழுவுவதும் இவ்வகை வலிப்பைத் தடுக்கும்.

கர்நாடகத்தின் தென்பகுதியில் மிகுதியாகக் காணப்படும் வெந்நீர் வலிப்பு மற்றொரு சான்று. தலைக்கு வெந்நீரை வேகமாக ஊற்றிக் குளிக்கும் வேளையில் மட்டும் சிலருக்கு வலிப்பு வரும். நீரின் வெப்பத்தைக் குறைத்தாலே பலருக்கு அது நின்றுவிடும். வலிப்பு எப்போது வந்தது என்று கேட்டறியாவிட்டால் இவ்வெளிய தீர்வு எவர்க்கும் தோன்றாது.

கண்முன் வலிப்பு வந்தால்

முதலாவதாக, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். நோயாளிக்கு அருகிலுள்ள மேசை, கல், அடுப்பு முதலியவற்றை அகற்றி, தலையின்கீழ் மடித்த துணி ஏதேனும் வைக்கவேண்டும். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கண்ணாடி அணிந்திருந்தால் கழற்றிவிட வேண்டும். இழுப்புத் தளர்ந்தவுடன் உடலை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கிடத்தினால், எச்சில் மூச்சுக்குழாயிற் புகாமல் வெளியே வழியும். தெளிவு வரும்வரை ஒருவர் உடனிருந்து அமைதியாகப் பேசிக்கொண்டிருத்தல் நலம்.

செய்யத் தகாதவை சில உண்டு. வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் நுழைக்கலாகாது. பல் உடைவதும், உடைந்த துண்டு மூச்சுக்குழாயை அடைப்பதும் நேரலாம். நாக்கை விழுங்கிவிடுவர் என்பது உண்மையன்று. கை கால்களை அழுத்திப் பிடித்தால் எலும்பு முறியக்கூடும். முழுத் தெளிவு வருமுன் நீரோ மருந்தோ புகட்டலாகாது. சாவியும் இரும்பும் வெங்காயமும் செருப்பும் வலிப்பை நிறுத்துவதில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமே ஓய்கின்றன. அதற்குள் கையில் எது இருந்ததோ அதற்குப் புகழ் சேர்ந்துவிடுகிறது.

வலிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், தெளிவு வருமுன் மறுமுறை தொடங்கினாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தொடர்ந்து நீடிக்கும் வலிப்பு மூளைக்குக் கேடும் உயிருக்கு ஆபத்தும் விளைப்பது. கர்ப்பிணிக்கு வந்தாலும், நீரில் நேர்ந்தாலும், காயம் பட்டாலும், வாழ்நாளில் அதுவே முதன்முறையாக இருந்தாலும் உடனே மருத்துவ உதவி தேவை.

கண்டதை எழுதிவைத்தல்

வலிப்பு ஓய்ந்தவுடன் கண்டதைக் கண்டவாறே ஒரு தாளில் எழுதிவைப்பது பேருதவியாகும். எவ்வேளையில் வந்தது, அப்போது அவர் என்ன செய்துகொண்டிருந்தார், முந்தைய இரவு உறங்கினாரா, காய்ச்சல் இருந்ததா, தொடங்குமுன் ஏதேனும் சொன்னாரா, தலையும் கண்களும் எப்பக்கம் திரும்பின, இழுப்பு ஒரு பக்கம் தொடங்கியதா, இரு பக்கமும் ஒருங்கே வந்ததா, அழைத்தபோது பதில் இருந்ததா, முகம் வெளுத்ததா, நீலம் பாய்ந்ததா, நாக்கைக் கடித்தாரா, ஆடையில் சிறுநீர் கழிந்ததா, எத்தனை நிமிடம் நீடித்தது, தெளிந்தபின் எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார், ஒரு கை தளர்ந்திருந்ததா என்பவையே மருத்துவர் வினவுபவை. அவசர உதவிகளைச் செய்தபின் இன்னொருவர் கைப்பேசியில் அக்காட்சியைப் படமெடுத்தால் மிகவும் நன்று. அப்படம் மருத்துவருக்கும் பெற்றோருக்கும் உரியது. பிறருக்கு அனுப்புவது அப்பிள்ளைக்கு இழைக்கும் தீங்காகும். நினைவில்லாதவற்றை ஊகித்து நிரப்பலாகாது. பார்க்கவில்லை என்று சொல்வதும் பயனுள்ள சாட்சியமே.

மருந்துகள்

1857ஆம் ஆண்டில் இலண்டனில் சார்லஸ் லோகாக் என்பவர் புரோமைடு உப்பு வலிப்பைக் குறைப்பதாகத் தெரிவித்தார். 1912இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் ஹௌப்ட்மன் என்னும் இளம் மருத்துவர், நோயாளிகள் இரவில் உறங்குவதற்காகப் பினோபார்பிட்டோன் என்ற மருந்தைக் கொடுத்தார். உறக்கம் வந்ததோடு வலிப்பும் குறைந்ததைக் கவனித்து அவர் வெளியிட்டார். கூர்ந்து நோக்கியதனால் கிடைத்த அம்மருந்து நூறாண்டு கடந்தும் பயன்பட்டு வருகிறது. 1938இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் ஆகிய இருவர் பெனிட்டாயினைக் கண்டனர். பின்னர் கார்பமஸெப்பீன், வால்ப்ரோயேட் ஆகியவையும், அண்மைக் காலத்தில் லெவெடிரஸெடம் முதலியவையும் வந்துள்ளன.

கிராமத்தில் இச்சிகிச்சையைச் செய்ய இயலுமா என்ற வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி. கர்நாடகத்தின் எளந்தூர் தாலுகாவில் ஏறக்குறைய 65,000 மக்களிடையே அவரும் உடனிருந்தோரும் வீடுவீடாக விசாரித்ததில், ஆயிரத்துக்கு 4 முதல் 5 பேர் வரையில் வலிப்பு நோயுடன் இருப்பது தெரியவந்தது. பினோபார்பிட்டோனும் பெனிட்டாயினுமாகிய மலிவான மருந்துகளையே கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்து, அதன் முடிவுகளை 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கிராமச் சூழ்நிலையிலும் இம்மருந்துகள் பலருடைய வலிப்பைக் கட்டுப்படுத்தின. சிகிச்சைக்கு முன்னர்ப் பலமுறை வலிப்புக் கண்டவர்களைவிடச் சிலமுறையே கண்டவர்களிடம் பலன் சிறந்து விளங்கியது. நோயை விரைவில் கண்டறிவதன் அவசியத்தை இதைவிடத் தெளிவாகக் கூறவியலாது.

மருந்தைப் பற்றி ஊழியர்கள் வற்புறுத்த வேண்டியது ஒன்றே: அது நாள் தவறாமல் உண்ணப்பட வேண்டும். வலிப்பு வரவில்லை என்பது நோய் நீங்கியதற்கு அறிகுறியன்று; மருந்து வேலை செய்வதற்கு அறிகுறி. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்புத் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். பொதுவாகக் குறைந்தது இரண்டாண்டுகள் வலிப்பின்றிக் கழிந்த பின்னரே, மருத்துவர் ஆராய்ந்து, தக்கவர்களுக்கு மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். மருந்துகளுக்குத் தீயவிளைவுகளும் உண்டு. பினோபார்பிட்டோன் சில பிள்ளைகளைச் சோம்பச் செய்யும், சிலரை அடங்காதவர்களாக்கும். பெனிட்டாயினால் ஈறு தடிக்கலாம். கார்பமஸெப்பீனோ பெனிட்டாயினோ தொடங்கிய சில வாரங்களில் தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வால்ப்ரோயேட் கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியதாதலால், தாய்மைப் பருவப் பெண்களுக்கு இயன்றவரை வேறு மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. கருவுற விரும்பும் பெண் தானாக மருந்தை நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்துகொள்ளல் வேண்டும்.

பள்ளியிலும் வீட்டிலும்

வலிப்பு நோயுள்ள பிள்ளை மற்றவர்களைப் போலவே படிக்கலாம், விளையாடலாம். பெரியவரானபின் பணிபுரியலாம், மணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம். நெருப்பு, நீர், உயரம் ஆகிய மூன்றிடங்களில் மட்டும் எச்சரிக்கை தேவை. குளத்திலோ கிணற்றிலோ தனியே இறங்கலாகாது. மரமேறுதல் கூடாது. தரையடுப்பின்முன் தனித்திருந்து சமைக்கும் பெண்கள் வலிப்பின்போது தீக்காயம் படுவது கிராமங்களில் நேரும் பெருந்துன்பம். அடுப்பை மேடையில் அமைத்தல் ஓரளவு காப்பாகும். வாகனம் ஓட்டுவது குறித்து மருத்துவரின் அறிவுரையும் சட்டத்தின் விதியும் பின்பற்றப்பட வேண்டும்.

வகுப்பில் ஒருமுறை வலிப்பு வந்துவிட்டால் அப்பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அப்பிள்ளை இழப்பது ஓராண்டுப் படிப்பு மட்டுமன்று. நாள்தோறும் தன்னைக் கவனித்த ஒரு சாட்சியையும் இழக்கிறது. உலக சுகாதார சபை 2022ஆம் ஆண்டு மே மாதத்தில், வலிப்பு நோயையும் பிற நரம்பு நோய்களையும் குறித்து 2031ஆம் ஆண்டு வரைக்குமான செயல்திட்டத்தை ஏற்றுள்ளது. இந்தியாவில் ஆண்டுதோறும் நவம்பர் 17ஆம் நாள் தேசிய வலிப்பு நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் ஒரு வகுப்பை இதற்கென ஒதுக்கி, வலிப்பு வந்தால் ஓடாமல் நிற்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நலம்.

தொடக்கத்திற் கண்ட வகுப்பறைக்கு இனித் திரும்பலாம். சிறுவன் விழுகிறான். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பலகையை நகர்த்துகிறார், ஒரு துண்டை மடித்துத் தலைக்கடியில் வைக்கிறார், இழுப்புத் தளர்ந்தவுடன் பிள்ளையைப் பக்கவாட்டில் சாய்க்கிறார். மாணவர்கள் விலகி நிற்கின்றனர். வலிப்பு ஓய்ந்தபின் அவர் எழுதுகிறார்: காலை 10 மணி 20 நிமிடம், தலை முதலில் இடப்பக்கம் திரும்பியது, வலிப்பு இரண்டு நிமிடம் நீடித்தது, எழுந்தபின் பத்து நிமிடம் பேச்சுத் தெளிவில்லை. அத்தாளைத் தாயிடம் கொடுத்தனுப்புகிறார். மாலையில் மருத்துவரின் மேசையை அடையும் அந்த நான்கு வரிகளைக் கொண்டே அப்பிள்ளைக்குரிய மருந்து முடிவுசெய்யப்படுகிறது.